உயிரோடிருக்கும் பெட்டிக்கு இறப்புச் சான்றிதழ்

டிவியோடு இணைத்த பெட்டியில் ஒரு கோளாறும் இல்லை. கரண்ட் வருகிறது. வைஃபை பிடிக்கிறது. முன்பக்கத்து விளக்கு எரிகிறது. ரிமோட்டை அமுக்கினால் சொன்ன பேச்சைக் கேட்கிறது. திரையில் மட்டும் ஒரு நோட்டீஸ்: இந்தச் செயலி இனிமேல் இந்தச் சாதனத்தில் இயங்காது. அதற்குக் கீழே பொடி எழுத்தில் விளக்கம். உங்களுக்கு மேலும் சிறப்பான அனுபவத்தை வழங்குவதற்காக இந்த முடிவாம். படமே வராதது என்ன சிறப்பான அனுபவம் என்று கேட்க வழி கிடையாது. அந்தத் திரையில் இருப்பது ஒரே பொத்தான். 'சரி'.

சரி என்று அமுக்கிவிட்டு அடுத்த பெட்டி வாங்கக் கிளம்பும் கூட்டத்தில்தான் நாம் எல்லோரும் நிற்கிறோம்.

இழவு விழுந்த வரிசையைப் பாருங்கள். 2019 டிசம்பரில் நெட்ஃப்ளிக்ஸ் பழைய சாம்சங் டிவிகள் சிலவற்றையும் ரோக்கு பெட்டிகள் சிலவற்றையும் கைகழுவியது. காரணம், 'தொழில்நுட்ப வரம்புகள்'. ஆப்பிள் தன் மூன்றாம் தலைமுறை டிவி பெட்டியை 2016 அக்டோபர் வரை விற்றது. 2021 மார்ச்சில் அதிலிருந்து யூடியூப் எழுந்து போய்விட்டது. கடைசி நாளில் காசு கொடுத்து வாங்கியவனுக்கு ஐந்து வருஷம்கூட முழுசாக வாய்க்கவில்லை. 2024 ஜூலை 31 அன்று நெட்ஃப்ளிக்ஸும் போனது. 2025 ஜூனில் அமேசானின் முதல் ஃபயர் டிவி பெட்டி, முதல் ஸ்டிக் ஆகியவற்றின் முறை. ஆப்பிள் விற்கும், கூகுள் விலகும். அமேசான் விற்கும், நெட்ஃப்ளிக்ஸ் விலகும். யாரைப் போய்க் கேட்டாலும் கை அடுத்தவரைக் காட்டும். ரேஷன் கடைக்கும் தாலுகா ஆபீசுக்கும் நடையாய் நடந்து பழகிய நமக்கு இது புதிதல்ல. இவர்கள் ஆங்கிலத்தில் செய்கிறார்கள், அவ்வளவுதான்.

அவர்கள் சொல்வதில் உண்மையே இல்லை என்று சொல்லமாட்டேன். 2014இல் செய்த சில்லு புதிய வீடியோ வடிவத்தைப் பிரித்துக் காட்டத் திணறும். திருட்டுத்தனமாகப் பதிவு செய்யாமல் தடுக்கும் பூட்டுகள் மாறிக்கொண்டே இருக்கின்றன. ஒவ்வொரு பழைய பெட்டியிலும் செயலியை ஓட்டிப் பார்க்க ஆள் வேண்டும், ஆளுக்குச் சம்பளம் வேண்டும். எல்லாம் சரி. ஆனால் செயலியைக் கனக்க வைத்தது யார்? பத்து வருஷத்துக்கு முன்னால் அது ஒரு பட்டியலைக் காட்டியது, அமுக்கியதைப் போட்டது. இப்போது திறந்த கணமே டிரெய்லர் அலறுகிறது. பக்கத்தில் விளையாட்டு, மேலே விளம்பரம், கீழே இன்னொரு விளம்பரம். நாம் கேட்காத மூட்டையை எல்லாம் பெட்டியின் தலையில் ஏற்றிவிட்டு, பாரம் தாங்கவில்லை என்று பெட்டியையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறார்கள். பட்டியலும் படமும் மட்டும் வரும் ஒல்லியான பதிப்பு ஒன்றைப் பழைய பெட்டிகளுக்கு விட்டுவைக்கலாம். விடமாட்டார்கள். அவர்களுக்கு மிச்சமாகும் பரிசோதனைச் செலவுதான் நம் வீட்டில் புதுப்பெட்டிச் செலவாக வந்து இறங்குகிறது.

இதிலாவது ஒரு முடிவு எடுத்தார்கள். முடிவே எடுக்காமல் கொன்ற கதையும் உண்டு. 2025 மார்ச் 9. உலகம் முழுக்க கூகுளின் இரண்டாம் தலைமுறை குரோம்காஸ்ட்டுகள் ஒரே நாளில் படுத்துவிட்டன. சைபர் தாக்குதலா? இல்லை. பெட்டி தன்னை இன்னார் என்று நிரூபிக்கக் காட்டும் டிஜிட்டல் சான்றிதழ் காலாவதி ஆகிவிட்டது. பத்து வருஷத்துக்கு முன்னால் போட்ட தேதி. அதைப் புதுப்பிக்க வேண்டும் என்பது கூகுளில் ஒருவருக்கும் நினைவில்லை. நாம் எங்கே போகிறோம், என்ன சாப்பிடுகிறோம், எந்தச் செருப்பை எத்தனை முறை பார்த்தோம் என்பதையெல்லாம் நினைவு வைத்திருக்கும் நிறுவனம் அது. திரையில் வந்த செய்திதான் உச்சம்: இது நம்பத்தகாத சாதனம். செய்தது அவர்கள். விற்றது அவர்கள். தேதியை மறந்ததும் அவர்கள். நம்பத்தகாதது நம் வீட்டு டிவிக்குப் பின்னால் தொங்கும் அந்தக் கறுப்பு வட்டு! அவசரப்பட்டு ரீசெட் செய்யாதீர்கள் என்று பிறகு அறிவுரை வேறு. அதற்குள் பலர் செய்து முடித்திருந்தார்கள். சில நாளில் சரிசெய்தார்கள். அதாவது, சரிசெய்ய முடியும். மனது வைத்தால்.

மனது வைத்து அழித்த கதைக்கு சோனோஸ். இணையத்தில் பாட்டு கேட்கும் ஸ்பீக்கர்கள் செய்யும் அமெரிக்க நிறுவனம். 2019இல் ஒரு சலுகை கொண்டுவந்தார்கள். பழைய ஸ்பீக்கருக்குப் பதில் புதிது வாங்கினால் 30 சதவீதம் தள்ளுபடி. பழையதைத் திருப்பித் தரவும் வேண்டாம். செயலியில் ஒரு பொத்தானை அமுக்கினால் போதும், 21 நாளில் பழைய ஸ்பீக்கர் நிரந்தரமாகச் செத்துவிடும். அக்கா மகனுக்குக் கொடுக்க முடியாது. செகண்ட் ஹேண்டில் விற்க முடியாது. நன்றாகப் பாடிக்கொண்டிருந்த ஸ்பீக்கரை, உரிமையாளர் கையாலேயே கொல்ல வைக்கும் ஏற்பாடு. இதற்கு அவர்கள் வைத்த பெயர் 'ரீசைக்கிள் மோட்'. பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம் கொடுத்துக்கொண்டு தெருவில் வந்தவர் எவ்வளவு யோக்கியர்! வாங்கிய இரும்பை நம் கண்முன்னே உடைத்துவிட்டு, சுற்றுச்சூழலைக் காப்பாற்றினேன் என்று அவர் என்றைக்கும் சொன்னதில்லை. கூச்சல் பெரிதான பிறகு 2020 மார்ச்சில் அந்தப் பொத்தானை எடுத்தார்கள்.

இவர்கள்தான் நமக்குப் பசுமை வகுப்பு எடுப்பவர்கள். ஆப்பிள் 2020இல் போன் பெட்டியிலிருந்து சார்ஜரை எடுத்தது, பூமிக்காக. அமேசானுக்கு 2040க்குள் நிகர பூஜ்ஜியம், உறுதிமொழி எடுத்தாகிவிட்டது. பூமியோ கணக்கை வேறு மாதிரி வைத்திருக்கிறது. ஐ.நா. அமைப்புகள் வெளியிட்ட அறிக்கைப்படி 2022இல் மட்டும் உலகில் சேர்ந்த மின்கழிவு 6.2 கோடி டன். அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்ததாகக் கணக்கில் வந்தது 22.3 சதவீதம். மிச்சத்தில் ஒரு பங்கு எங்கே போகிறது என்று தெரிய ஜெனிவாவுக்குப் போக வேண்டாம். நம்மூர்க் காயலான் கடையின் பின்பக்கம் போனால் போதும். வெறுங்கையால் சர்க்யூட் போர்டைப் பிரித்துக்கொண்டிருப்பவருக்கு எந்த நிறுவனத்தின் உறுதிமொழியிலும் இடம் இல்லை.

அரசு என்ன செய்கிறது என்பீர்கள். செய்திருக்கிறது. 2022 டிசம்பரில் மத்திய நுகர்வோர் துறை 'பழுதுபார்க்கும் உரிமை' என்று ஒரு இணையதளம் திறந்தது. நல்ல காரியம். பழுதே ஆகாத பெட்டியை எந்த மெக்கானிக்கிடம் கொண்டுபோவது என்று மட்டும் அதில் வழி இல்லை. மிட்டாய் பாக்கெட் விற்பவன் தயாரித்த தேதி போட வேண்டும், காலாவதி தேதி போட வேண்டும். தவறினால் ஆபீசர் வந்து நிற்பார். ஐயாயிரம் ரூபாய்ப் பெட்டி எந்த வருஷம் சாகும் என்று அட்டையில் ஒரு வரி போடச் சொல்ல ஆள் இல்லை.

அமெரிக்காவிலும் லட்சணம் இதுதான். அங்குள்ள வர்த்தக ஆணைய அதிகாரிகள் 2024இல் 184 ஸ்மார்ட் பொருட்களைச் சோதித்தார்கள். 163 பொருட்களின் விற்பனைப் பக்கங்களில், எத்தனை காலம் மென்பொருள் ஆதரவு உண்டு என்ற விவரமே இல்லை. பிரிட்டனோ 2024 ஏப்ரல் 29 முதல் சட்டத்தை நடைமுறைப்படுத்திவிட்டது: எதுவரை பாதுகாப்பு அப்டேட் தருவாய் என்று சொல்லிவிட்டு விற்பனை செய். ஐரோப்பிய ஒன்றியத்தில் டிவிக்கு, அந்த மாடலின் கடைசிப் பெட்டி சந்தைக்கு வந்த நாளிலிருந்து எட்டு வருஷம் பாதுகாப்பு அப்டேட் இலவசமாகக் கிடைக்க வேண்டும். அங்கேயும் செயலிக்கு உத்தரவாதம் கிடையாது என்பது வேறு விஷயம். ஆனால் அங்கே தேதி சொல்ல முடிகிற கம்பெனிக்கு இங்கே வந்தால் வாய் ஒட்டிக்கொள்கிறது.

சரி, புதுசு வாங்கித்தான் ஆக வேண்டும். எதை வாங்குவது?

சென்னை ரிச்சி தெருவில் பெயர் தெரியாத ஆண்ட்ராய்டு பெட்டி மலிவாகக் கிடைக்கும். எல்லாச் சேனலும் ஓசி என்பார்கள். அந்த ரகப் பெட்டிகளைப் பற்றித்தான் 2025 ஜூனில் அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. எச்சரித்தது. வரும்போதே தீய மென்பொருளோடு வருகிற 'பேட்பாக்ஸ்' வகையறா. சுமார் ஒரு கோடி பெட்டிகள் இதில் சிக்கியதாக கூகுள் வழக்கே போட்டிருக்கிறது. வேண்டாம். பெரிய கம்பெனி ஸ்டிக்? அமேசான் இப்போது வேகா என்று சொந்த இயங்குதளத்துக்கு மாறிக்கொண்டிருக்கிறது. அதில் நாம் விரும்பிய ஆண்ட்ராய்டு செயலியை வெளியிலிருந்து ஏற்ற முடியாது. கடைச் சாவி முழுக்க அவர்கள் இடுப்பில். குரோம்காஸ்ட்? 35 டாலருக்கு ஆரம்பித்த அந்த வம்சத்தையே 2024இல் முடித்துவிட்டு, 100 டாலருக்குப் புதுப்பெட்டி போட்டார்கள். டிவிக்குள்ளேயே செயலி இருக்கிறதே என்பீர்கள். அது செத்தால் ஐம்பது இன்ச் டிவியே அநாதை. ஸ்டிக் செத்தால் ஸ்டிக்கோடு போகும். பழைய லேப்டாப் ஒன்று கிடந்தால் எச்.டி.எம்.ஐ. வயரைச் செருகுங்கள். பிரௌசர் இன்னும் யாருடைய தயவிலும் முழுசாக இல்லை. இதற்கெல்லாம் மேல், சந்தா கட்டிய பிறகும் 2025 ஜூன் 17 முதல் பிரைம் வீடியோவில் விளம்பரம். வேண்டாம் என்றால் வருஷத்துக்கு 699 ரூபாய் தனி. நம் காசில் பெட்டி வாங்கி, நம் காசில் சந்தா கட்டி, விளம்பரம் பார்க்காமல் இருப்பதற்கும் நம் காசு.

ஷோரூமில் போய் நில்லுங்கள். விற்பனையாளர் 4கே என்பார், டால்பி என்பார், குரலில் சொன்னால் கேட்கும் என்பார். இது எத்தனை வருஷம் ஓடும் தம்பி என்று கேளுங்கள். "லைஃப் லாங் ஓடும் சார்" என்பார். செயலிகள் எத்தனை வருஷம் வரும் என்று கேளுங்கள். ஒரு நொடி முழிப்பார். பிறகு முகம் மலர்ந்து, "பயமா இருந்தா எக்ஸ்டெண்டட் வாரண்டி போட்டுக்கோங்க சார், 799தான்" என்பார். அந்தத் தாளை வாங்கிப் படியுங்கள். தீ, மின்னல், கரப்பான் பூச்சி எல்லாம் இருக்கும். கடைசிப் பக்கத்தில், இருப்பதிலேயே சின்ன எழுத்தில், செயலி இயங்காமல் போனால் கம்பெனி பொறுப்பல்ல என்று இருக்கும். கீழே கையெழுத்துப் போட நமக்கு ஒரு கட்டம்.