பதினெட்டுப் பேரோடு திருமலை ஏறுவது எப்படி?

எவரெஸ்ட் அடிவார முகாம் 5,364 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஆனால் அங்கே கூட வருபவர்கள் ஷெர்பாக்கள். திருமலை சுமார் 850 மீட்டர்தான். கூட வருபவர்கள் பெரியப்பா, இரண்டு அத்தைகள், மாமா, ஜிம்முக்குப் போகும் அண்ணன் பையன், யாரும் ஒரு வார்த்தை சொல்ல முடியாத புது மாப்பிள்ளை. இமயத்துக்குப் போய்வந்து படம் போடுபவர்கள் ஒருமுறை இந்தப் படையைத் திரட்டிக்கொண்டு மலையடிவாரத்து அலிபிரிக்கு வரட்டும், பார்க்கலாம். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் "நடந்தே போவோமா?" என்று முதலில் கேட்டுவிட்டுப் பின்வாங்க வழியில்லாமல் நிற்பவருக்கு இந்த ஆலோசனைகள்.

நாள் குறிக்கும்போது புரட்டாசிச் சனிக்கிழமையை விட்டுவிடாதீர்கள். மஞ்சள் உடுத்தி, திருத்தணி, நகரி, புத்தூர் வழியாகக் கோவிந்தா சொல்லி நடந்துவரும் கூட்டத்தில் கலந்துவிட்டால், உங்கள் ஆட்களில் யார் தொலைந்தார்கள் என்பது இரவு வரை தெரியாது. அதுவரை நிம்மதி. "சென்னையிலிருந்து திருக்குடைகளை எவ்வளவு ஒழுங்காகக் கொண்டுபோய்ச் சேர்க்கிறார்கள், நம்மால் பதினெட்டுப் பேரைச் சேர்க்க முடியாதா?" என்று அத்தை கேட்பார். குடைகள் நடுவழியில் காபி கேட்பதில்லை என்பதை அவரிடம் சொல்ல வேண்டாம்.

எந்த வழி என்பதை ஓட்டெடுப்புக்கு விடுங்கள். அலிபிரி வழியில் 3,550 படிகள், சுமார் 9 கிலோமீட்டர். சந்திரகிரிப் பக்கம், சீனிவாச மங்காபுரத்துக்கு அருகே தொடங்கும் ஸ்ரீவாரி மெட்டில் 2,388 படிகள், 2.1 கிலோமீட்டர். கணக்கில் கெட்டிக்காரர் ஒருவர் உடனே இரண்டாவதற்குக் கை தூக்குவார். தூரம் குறைந்தால் ஏற்றம் செங்குத்தாகும் என்ற கணக்கு அவருக்கு ஐந்நூறாவது படியில் புரியும். சந்திரகிரி ராஜ வழியாயிற்றே என்பார். கிருஷ்ணதேவராயர் 1513க்கும் 1521க்கும் இடையில் ஏழு முறை திருமலைக்கு வந்தவர். அவரும் இரண்டு தேவியரும் கைகூப்பி நிற்கும் சிலைகள் கோயிலுக்குள் இருக்கின்றன. மூவர் முகத்திலும் வழியில் சண்டை போட்ட அடையாளம் இல்லை. ராஜாவுக்கு மூட்டை தூக்க ஆள் இருந்தது.

உங்களுக்கும் உண்டு. பைகளை அடிவாரத்தில் ஒப்படைத்து ரசீது வாங்கினால், தேவஸ்தானமே வண்டியில் ஏற்றி மேலே கொண்டுபோய்க் கொடுக்கும். காசு கிடையாது. காசு கிடையாது என்பதாலேயே அத்தைக்கு நம்பிக்கை வராது. புளியோதரை டப்பாவும் இரண்டு லிட்டர் தண்ணீரும் இருக்கும் பையை அவர் தோளை விட்டு இறக்கமாட்டார். இருநூறு படி வரை. அதற்குப் பிறகு அது உங்கள் தோளில் இருக்கும்.

பெரியப்பா விஷயத்துக்குக் கொஞ்சம் ராஜதந்திரம் தேவை. அறுபது வயதைத் தாண்டியவர்களும், சர்க்கரை, ரத்த அழுத்தம், ஆஸ்துமா, மூட்டுவலி உள்ளவர்களும் நடந்து வருவதைத் தவிர்க்கும்படி 2024இல் தேவஸ்தானமே கேட்டுக்கொண்டது. இதில் எல்லாமே பெரியப்பாவுக்குப் பொருந்தும். பெரியப்பாவோ எதற்கும் பொருந்தாதவர். மலையில் மோட்டார் சாலை வந்ததே 1944இல்தான், அதற்கு முன்னால் தன் தாத்தா நடந்துதான் ஏறினார் என்பார். அப்போது தாத்தாவுக்கு வயது இருபத்தைந்து என்று வாதாடாதீர்கள். 'மேலிடப் பார்வையாளர்' என்று ஒரு பதவி கொடுத்து, முன்கூட்டியே மேலே போய் ஏற்பாடுகளைக் கவனிக்கச் சொல்லுங்கள். கட்சிகளில் இந்தப் பதவியை யாரும் மறுத்ததில்லை. பெரியப்பா பஸ் ஏறிவிடுவார்.

செருப்புப் பிரச்சினை அடுத்தது. திருமலைப் பெருமாளைப் பாடிய தாள்ளபாக்கம் அன்னமய்யா சிறுவனாக இருந்தபோது செருப்போடு மலையேறி, பசியால் மயங்கிக் கிடந்தார் என்றும், அலர்மேல் மங்கையே கிழவியாக வந்து செருப்பைக் கழற்றச் சொல்லிப் பிரசாதம் ஊட்டினாள் என்றும் கதை. இதைக் கேட்டதும் மாப்பிள்ளை தன் விலையுயர்ந்த ஷூவைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொள்வார். மலை முழுக்கக் கையிலேயே வரும். அவரிடம் யார் சொல்வது?

ஓட்டெடுப்பில் அலிபிரி ஜெயித்தால், புறப்பட்ட சற்று நேரத்தில் தலையேறு குண்டு வரும். அந்தப் பாறையில் தலையையும் முழங்காலையும் வைத்தால் வலி வராது என்பது நம்பிக்கை. எல்லோரையும் வைக்கச் சொல்லுங்கள். ஏனென்றால் அடுத்து வருவதுதான் உண்மையான ஏற்றம். காளி கோபுரம் வரைக்கும் இரண்டாயிரம் படிகளுக்கு மேல், மூச்சுவிட நேரம் தராத படிகள். இந்த இடத்தில்தான் ஒரு குழு மூன்று குழுக்களாகும். அண்ணன் பையன் வாட்ச்சில் அடிகளை எண்ணிக்கொண்டு ஓடுவான். நடுவில் ஒரு கூட்டம் மிளகாய்ப்பொடி தூவிய மாங்காய்க் கீற்றுக்கும் மோருக்கும் நின்று நின்று வரும். அத்தைகள் கடைசியில்.

காளி கோபுரத்தில் நடப்பதைக் கவனியுங்கள். அண்ணன் பையன் முக்கால் மணி நேரம் உட்கார்ந்து, காற்று வாங்கி, சோடா குடித்து முடித்திருப்பான். அத்தைகள் மூச்சிரைக்க வந்து சேரும்போது "வந்துட்டீங்களா, கிளம்பலாம்" என்று எழுந்துவிடுவான். ஓய்வு தேவைப்படாதவனுக்கு முழு ஓய்வு, தேவைப்படுபவருக்கு ஒரு நிமிடம்கூட இல்லை. கூட்டமாக மலையேறுவதில் உள்ள பெரிய அநியாயம் இதுதான். மலையேற்றம் அறிந்தவர்கள் மெதுவாக நடப்பவரை முன்னால் விட்டு, அவர் வேகத்துக்கு மற்றவர்களை நடக்கச் சொல்வார்கள். நம் குடும்பங்களில் இதைச் செய்ய முடியாது. அத்தை முன்னால் போனால், ஒவ்வொரு பத்துப் படிக்கும் திரும்பி நின்று யாராவது சாப்பிட்டார்களா என்று கேட்பார்.

ஓய்வு கேட்க எல்லோருக்கும் கூச்சம். அதற்கு ஒரு வழி இருக்கிறது: மாமாவிடம் சித்தூர் வரலாற்றைக் கேளுங்கள். வட ஆர்க்காட்டிலிருந்து 1911இல் சித்தூர் மாவட்டம் பிரிந்ததில் தொடங்குவார். ம.பொ.சி.யின் "வேங்கடத்தை விடமாட்டோம்" முழக்கத்துக்குக் குரலை உயர்த்துவார். திருத்தணி 1960இல் தமிழ்நாட்டுக்கு வந்ததையும் வேங்கடம் வராமலே போனதையும் கண்ணீரோடு சொல்லி, 2022இல் திருப்பதி தனி மாவட்டமானதில் முடிப்பார். இருபது நிமிடம். யாரும் கேட்காமலே பதினேழு பேருக்கும் ஓய்வு கிடைத்துவிடும். நிற்கும்போதும் கைப்பிடிக் கம்பியை விடமாட்டோம் என்று பிடித்திருப்பவர்களைக் கிண்டல் செய்யாதீர்கள்.

மருத்துவ உதவி 1,500ஆவது படியிலும், காளி கோபுரத்திலும், பாஷ்யகாரர் எனப்படும் ராமானுஜர் சந்நிதியிலும் கிடைக்கும் என்று தேவஸ்தானம் அறிவித்திருக்கிறது. இதை எழுதிக்கொள்ளுங்கள், கிண்டல் இல்லை. அடுத்ததும் கிண்டல் இல்லை. 2023 ஆகஸ்டில் இந்தப் பாதையில் ஆறு வயதுச் சிறுமியைச் சிறுத்தை கொன்றது. அதன் பிறகுதான் பிற்பகல் இரண்டு மணிக்குமேல் சிறுவர்களை ஏறவிடுவதில்லை, கூட்டமாகப் போக வேண்டும் என்றெல்லாம் கட்டுப்பாடுகள் வந்தன, கையில் தடி கொடுத்தார்கள். தடியை வைத்துச் சமூக ஊடகங்களில் நிறையச் சிரித்தார்கள். சிரித்தவர்களில் எத்தனை பேர் தங்கள் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு ஏறினார்கள் என்று தெரியவில்லை. பிள்ளைகளை முன்னால் ஓடவிடாதீர்கள்.

காளி கோபுரம் தாண்டியதும் பாதை சமமாகும். மான் பூங்கா, ஏழாவது மைல் ஆஞ்சநேயர் என்று நடை சுகமாக இருக்கும். எல்லோரும் மலை முடிந்துவிட்டதென்று செல்ஃபி எடுப்பார்கள். மோகாள்ள பர்வதம் என்ற கடைசி ஏற்றம் பாக்கி இருப்பதை அப்போது சொல்லாதீர்கள். ராமானுஜர் இந்த மலையில் கால் வைக்கக் கூசி முழங்காலால் ஏறினார் என்பார்கள். உங்கள் ஆட்களும் ஏறக்குறைய அப்படித்தான் ஏறுவார்கள், காரணம் வேறு. அதே படிகளில் சில பெண்கள் ஒவ்வொன்றுக்கும் குனிந்து மஞ்சள் குங்குமம் இட்டுக்கொண்டே ஏறுவார்கள். அண்ணன் பையன் அவர்களைக் கண்டதும் வாட்ச்சைச் சட்டைக் கைக்குள் தள்ளிக்கொண்டால், பையன் தேறிவிடுவான்.

நடந்து வந்ததற்காகவே பெருமாள் உடனே கூப்பிடுவார் என்று யாருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள். நடந்து வருபவர்களுக்கான டோக்கன் தரும் இடமும் முறையும் அடிக்கடி மாறியிருக்கின்றன. கிளம்பும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள்.

ஊர் திரும்பிய பிறகும் உங்கள் பொறுப்பு முடியாது. ராமானுஜருக்காக அவருடைய தாய்மாமன் திருமலை நம்பி தினமும் மேலிருந்து இறங்கிவந்து ஓராண்டு ராமாயணம் சொன்னார் என்பது வைணவ மரபு. உங்கள் மாமா ஒரே ஒருமுறை ஏறிவிட்டு ஓராண்டு சொல்வார். கேட்டுத்தான் ஆக வேண்டும்.

கடைசியாக, பைகளுக்கான ரசீதை யாரிடம் வேண்டுமானாலும் கொடுங்கள், மேலிடப் பார்வையாளரிடம் மட்டும் கொடுக்காதீர்கள். வியர்த்துக் கொட்டி நீங்கள் மேலே வரும்போது அவர் தரிசன வரிசையில் இருப்பார். கோயிலுக்குள் செல்போன் கிடையாது.