இழுப்பறைத் திருப்புகழ்

கே.ஜி.கண்டிகையில் ஜீப் வைத்திருப்பவர் பலர் உண்டு, அண்ணா. ஜிம்னி வாங்கி, அதன் டிக்கியில் தன் கையாலேயே மர ட்ரா செய்து பொருத்தியவர் நீங்கள் ஒருவர்தான். திருத்தணி முருகனைப் பாட அருணகிரிநாதர் வந்தார். உங்கள் ட்ராவைப் பாட என்னை விட்டால் ஆளில்லை.

முதலில் உங்கள் தொலைநோக்கு. வண்டிக்குள் ட்ரா வைக்கும் கலையில் ஆஸ்திரேலியாக்காரர்கள் கைதேர்ந்தவர்கள். அங்கே கேனிங் ஸ்டாக் ரூட் என்று சுமார் 1,850 கிலோமீட்டருக்கு ஒரு பாலைவனத் தடம். தண்ணீர், டீசல், அரிசி, ஸ்பேனர் எல்லாவற்றையும் வண்டியிலேயே ஏற்றிக்கொண்டு போகவேண்டிய தலையெழுத்து அவர்களுக்கு. மணல்மேட்டில் நின்று மூட்டையை அவிழ்க்க முடியாமல், இழுத்தால் கைக்கு வரும்படி பெட்டி செய்துகொண்டார்கள். நமக்கோ சோளிங்கர் பக்கம் போனாலும் திருத்தணி பக்கம் போனாலும் ஒரு பாட்டு முடிவதற்குள் டீக்கடை வந்துவிடும். அப்படிப்பட்ட சாலையில் இருபது லிட்டர் தண்ணீருக்கும் கேஸ் அடுப்புக்கும் சாம்பார்ப்பொடி டப்பாவுக்கும் தனித்தனி அறை வைத்தீர்களே! தமிழ்நாட்டு டீக்கடைகள் அத்தனையும் ஒரே நாளில் மூடினால், பிழைத்திருக்கப்போவது நீங்கள் மட்டும்தான்.

விவரம் போதாதவர்கள் முதலில் நாலு ஊர் சுற்றிவருவார்கள். எந்தச் சாமான் அடிக்கடி கைக்கு வேண்டியிருந்தது, எது சும்மா கூடவே வந்தது என்று பார்ப்பார்கள். பழைய அட்டையை வெட்டி டிக்கியில் வைத்து ஒத்திகை பார்த்த பிறகுதான் மரக்கடைக்குப் போவார்கள். நீங்கள் அந்தச் சுற்றுவழியே வேண்டாம் என்றுவிட்டீர்கள். போகாத பயணத்துக்கு இன்ன சாமான் வேண்டுமென்று வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தபடியே கண்டுகொள்வது ஞானிகளுக்கே வாய்க்கும்.

மரம் வாங்கியதில் உங்கள் தாராளத்தைச் சொல்லி மாளாது. கஞ்சர்கள் பக்கப்பலகைக்கு 12 எம்.எம். போதும் என்பார்கள். நீங்கள் அடி, பக்கம், தடுப்பு, மூடி எல்லாவற்றுக்கும் 18 எம்.எம். போட்டீர்கள். எட்டுக்கு நாலு பலகை ஒன்றே முப்பது கிலோவுக்கு மேல் வரும்; அதில் இரண்டு போயிற்று. அதுவும் ஐ.எஸ். 710 முத்திரை குத்திய மரைன் ப்ளைவுட், 72 மணி நேரம் கொதிநீரில் வேகவைத்துச் சோதிக்கிற ரகம். நாளைக்கு நந்தியாற்றில் வெள்ளம் வந்து வண்டி முழுகினாலும், ட்ரா பத்திரமாகக் கரையேறிவிடும்.

இத்தனை கனத்துக்கும் நீங்கள் தேர்ந்தது சமையலறை அலமாரிக்குப் போடும் டெலஸ்கோபிக் சானல். ஆடாத சுவரில் நாற்பது கிலோ போலத் தாங்குகிற சாமான், ஏரிக்கரைப் பள்ளங்களில் தாங்காமல் போய்விடுமா என்ன? ட்ராவுக்குக் கொக்கி வைக்காததும் உங்கள் பெருந்தன்மை. மேட்டில் ஏறும்போதெல்லாம் அது தானாக நழுவி வந்து, பின்கதவை உள்ளேயிருந்து தட்டி நலம் விசாரிக்கிறது. பின்சீட்டின் போல்ட் துளைகளில் எல் பட்டை வைத்துப் பெட்டியை இறுக்குவது பயந்தாங்கொள்ளிகளின் வழக்கம். பிரேக் அடித்தால் வண்டி நிற்கும், பின்னாலிருக்கும் மரம் நிற்காது என்று அவர்களுக்குக் கிலி. நீங்களோ பாதி பாரத்தைப் பெவிக்கால் மேலும் மீதியை முருகன் மேலும் போட்டுவிட்டு நிம்மதியாக ஓட்டுகிறீர்கள்.

குடும்பப் பாசத்தில் உங்களுக்கு நிகர் யார்? ஜிம்னியில் பின்சீட்டு நிமிர்ந்திருந்தால் டிக்கி வெறும் 208 லிட்டர். அதற்குள் உங்கள் கலை அடங்குமா? சீட்டையே கழற்றினீர்கள். ஆர்.சி.யில் நாலு பேர் வண்டி, நிஜத்தில் இரண்டு பேர் வண்டி. தயாரித்தவர் சொன்ன விவரத்துக்கு மாறாக வண்டியைத் திருத்தக் கூடாது என்று 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு சொல்கிறது. 2019-இல் உச்ச நீதிமன்றமும் அதையே சொன்னது. இதெல்லாம் நம்மைப் போன்ற சாமானியர்களுக்கு. ஆடிக் கிருத்திகைக்கு அண்ணி பிள்ளைகளோடு பஸ்ஸில் நின்றபடி போனார். உங்கள் கேஸ் அடுப்பு கார்பெட்டின் மேல் சொகுசாகப் போயிற்று.

உங்கள் நாட்டுப்பற்றையும் விடக் கூடாது. ம.பொ.சி. முதலானோர் போராடியதால் திருத்தணி 1960 ஏப்ரல் 1 அன்று ஆந்திரத்திலிருந்து நம்மிடம் வந்தது. பாடுபட்டுப் பெற்ற அந்த எல்லையை உங்கள் வண்டி மதித்து நடக்கிறது. நகரி கூப்பிடு தூரத்தில் இருந்தும், நாகலாபுரம் மலை வா வா என்று அழைத்தும், ஒருநாளும் தாண்டியதில்லை.

சோளிங்கர் சாலையில் பஞ்சரான அன்றுதான் உங்கள் திட்டமிடல் முழுதாக விளங்கியது. ஸ்டெப்னி பின்கதவிலேயே தொங்கியது. ஜாக்கி மட்டும் பெட்டிக்கு அடியில். பெட்டியைக் கழற்ற ஸ்க்ரூ டிரைவர் வேண்டும், அது ட்ராவுக்குள். ட்ராவோ சானல் வளைந்து, திருடனும் திறக்க முடியாதபடி இறுகியிருந்தது. கடைசியில் பஞ்சர் கடைப் பையன் டி.வி.எஸ். எக்ஸ்.எல்.லில் வந்தான். கிரீஸ் படிந்த உரச்சாக்கு ஒன்றை உதறினான். ஜாக்கி, ஸ்பேனர், பம்பு எல்லாம் தரையில் விழுந்தன. டீ ஆறுவதற்குள் வேலையை முடித்துவிட்டான். பாவம், சாக்குக்கு வார்னிஷ் கூட அடித்திருக்கவில்லை.

உங்கள் ட்ரா அப்படியா? ஒரு கீறல் உண்டா, ஒரு கறை உண்டா? முன்னொரு காலத்தில் இந்தத் தொண்டை நாட்டு மன்னன் தன் ஆயுதசாலையைக் காட்டியபோது, அதன் பளபளப்பை ஔவையும் இப்படித்தான் புகழ்ந்தாள். கேட்ட தொண்டைமான் மகிழ்ந்தானா, தலைகுனிந்தானா என்று அந்தப் புறநானூற்றுப் பாட்டில் இல்லை. நீங்கள் மகிழ்ந்தால் போதும், அண்ணா.