உச்சியில் நிற்கும் பந்து

கேள்வி: மகன் உயர்தரப் பௌதிகவியல் கடந்தகால வினாத்தாள்களைக் கரைத்துக் குடித்துவிட்டான். விளங்கித்தான் செய்கிறானா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?
(வாசகி, சாவகச்சேரி)

பதில்: பேனையையும் கொப்பியையும் வாங்கி வைத்துவிட்டு, முற்றத்தில் ஒரு பந்தை நேர்மேலே எறியச் சொல்லுங்கள். அது உச்சியில் நிற்கும் அந்தக் கணத்தில் அதன்மீது என்ன விசை தாக்குகிறது என்று கேளுங்கள். “ஒன்றுமில்லை” என்றால், “அப்ப ஏன் தம்பி அது கீழே வருகுது?” என்று அடுத்த கேள்வியைப் போடுங்கள். உச்சியில் பூச்சியமாவது வேகம் மட்டுமே. நிறை விடுமுறை எடுப்பதில்லை. ஆர்முடுகலும் அங்கே அதேதான், கீழ்நோக்கியேதான்.

பிள்ளையை ஏசாதீர்கள். பௌதிகவியல் கற்பித்தலை ஆராய்ந்த ஹலூனும் ஹெஸ்ரனீசும் 1985இல், விசையும் இயக்கமும் விளங்கியிருக்கிறதா என்று பார்க்க, கணக்குப் போடத் தேவையில்லாத ஒரு சோதனையை வெளியிட்டார்கள். ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் பௌதிகவியல் பேராசிரியர் எரிக் மசூர் அதைத் தன் மாணவர்களுக்குக் கொடுத்தபோது, நீங்கள் கற்பித்தபடி எழுதுவதா, நான் நினைக்கிறபடி எழுதுவதா என்று ஒரு மாணவர் கேட்டார். ஹார்வர்டிலேயே பாடம் ஒரு பக்கம், நம்பிக்கை ஒரு பக்கம்!

நம் பரீட்சையில் 2 மணித்தியாலத்தில் 50 பல்தேர்வு வினாக்கள். வேகம் வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் வினாவைச் சற்றுத் திருப்பிக் கேட்டால், பாடமாக்கியவன்தான் முதலில் தடுமாறுவான்.

ரியூசன் ஆசிரியர்களே, சமன்பாட்டைக் கரும்பலகையில் எழுதுமுன் பிள்ளைகளைப் பக்கத்தில் இருப்பவரோடு ஐந்து நிமிடம் வாதாட விடுங்கள். மசூர் தன் வகுப்பை அப்படித்தான் மாற்றினார்.