பிட்டும் செங்கல்லும்

மதுரையில் முதல் காண்டிராக்ட் விவகாரம் பாண்டியன் காலத்திலேயே வெடித்துவிட்டது. மாட்டிக்கொண்டவர் சாட்சாத் சொக்கநாதர்.

வைகை கரையை உடைத்துக்கொண்டு ஓடியது. வீட்டுக்கு ஓர் ஆள் வந்து கரையை அடைக்க வேண்டும் என்று அரிமர்த்தன பாண்டியன் உத்தரவு போட்டான். பிட்டு விற்ற வந்திக் கிழவிக்கு ஆளில்லை. கூலிக்கு வந்தவர் உதிர்ந்த பிட்டை அட்வான்ஸாக வாங்கித் தின்றார், நாலு கூடை மண் போட்டார், நிழல் பார்த்துப் படுத்துவிட்டார். வந்தியின் பங்கு மட்டும் அடைபடாமல் கிடந்தது. ஆய்வுக்கு வந்த ராஜா பிரம்பால் ஒன்று போட்டான். அடி ஊரார் முதுகில் விழுந்தது. ராஜா முதுகிலும் விழுந்தது. ஒரு கூடை மண்ணைக் கொட்டிவிட்டு ஆள் மாயம், கரை நின்றுவிட்டது. இன்றைக்கும் ஆவணியில் புட்டுத்தோப்பில் அவருக்குத் திருவிழா எடுக்கிறோம். வேலை நேரத்தில் தூங்கியவருக்கு விழா எடுக்கிற ஊர் வேறெங்கே இருக்கிறது?

அடுத்து வெள்ளைக்காரன். 1840-ஐ ஒட்டி, கலெக்டர் பிளாக்பர்ன் கோட்டையை இடித்து ஊரை விரிக்க நினைத்தார். மதிலை இடித்து அகழியைத் தூர்க்கிறவருக்கே அந்த இடம் என்றார். சனம் கடப்பாரையோடு கிளம்பிவிட்டது. மருதநாயகத்தைப் பிடிக்கக் கும்பினிப் படை மாதக்கணக்கில் முட்டியும் அசையாத மதில், இலவச மனை என்றதும் பொலபொலவென்று உதிர்ந்தது. வெளிவீதிகள் பிறந்தன. சர்வேயர் மாரட்டுக்கு ஒரு வீதி, பெருமாள் மேஸ்திரிக்கு ஒரு வீதி, கலெக்டருக்கு விளக்குத்தூண். இடிப்பதென்றால் எங்களுக்கு அத்தனை வேகம்.

கட்டுவது வேறு கதை. 2015 பட்ஜெட்டில் தமிழ்நாட்டுக்கு எய்ம்ஸ் மருத்துவமனை என்றார்கள். மதுரையை அடுத்த தோப்பூர்தான் இடம் என்று முடிவாகவே 2018 ஆனது. இதற்கு நடுவில், 2017-இல், வைகை அணைத் தண்ணீர் ஆவியாகாமலிருக்க அமைச்சர் செல்லூர் ராஜு தெர்மாகோல் மிதக்கவிட்டதும், காற்று அதைக் கையோடு கரை ஒதுக்கியதும் கிளைக்கதை. சொக்கநாதர் போட்ட மண்ணாவது நின்றது.

2019 ஜனவரி 27-இல் பிரதமர் மோடி எய்ம்ஸுக்கு அடிக்கல் நாட்டினார். ஏப்ரல் 18-இல் ஓட்டு. அன்றைக்குச் சித்திரைத் தேரோட்டமும் சேர்ந்துகொண்டதால் மதுரையில் இரவு எட்டு மணிவரை ஓட்டுப்பதிவு. தேர் நிலைக்கு வந்தது. எய்ம்ஸ் அடிக்கல்லோடு நின்றது. 2021 தேர்தலில் உதயநிதி ஒற்றைச் செங்கல்லைத் தூக்கிக்கொண்டு, இதுதான் எய்ம்ஸ் என்று ஊர் ஊராகக் காட்டினார். செங்கல் சட்டசபைக்குப் போனது, தோப்பூருக்குப் போகவில்லை.

2022-இல் மாணவர்கள் சேர்ந்தார்கள். மதுரை எய்ம்ஸுக்கு வகுப்பு ராமநாதபுரத்தில்! அந்தச் செப்டம்பரில் பா.ஜ.க. தலைவர் நட்டா, 95 சதவீத வேலை முடிந்தது என்றார். எம்.பி.க்கள் சு.வெங்கடேசனும் மாணிக்கம் தாகூரும் அந்த 95 சதவீதத்தைத் தேடித் தோப்பூர் போனார்கள். சுற்றுச்சுவர் இருந்தது, கட்டடத்தைக் காணோம். அவர் சொன்னது கட்டுமானத்துக்கு முந்தைய வேலைகளை என்று பிறகு விளக்கம் வந்தது. அசல் கட்டுமானம் தொடங்கியது 2024 மார்ச்சில். ஏப்ரலில் மறுபடி ஓட்டு.

பாண்டியன் காலத்துக்கும் இந்தக் காலத்துக்கும் ஒரே ஒரு வித்தியாசம்தான். அன்றைக்குப் பிரம்படி ராஜா முதுகிலும் விழுந்தது.