பலூன் உழிஞை: ஒரு முன்னாய்வு

மதிலை வளைப்பது உழிஞை, மதிலைக் காப்பது நொச்சி என்று இரண்டாகப் பிரிக்கும் புறப்பொருள் வெண்பாமாலை. தொல்காப்பியமோ நொச்சியைத் தனித் திணையாக எண்ணாமல் உழிஞைக்குள்ளேயே அடக்கிவிடும். எது சரி என்று புலவர்கள் இன்னும் மல்லுக்கு நிற்க, வழக்கை ஆக்லாந்துக்காரர்கள் ஓசைப்படாமல் தீர்த்துவிட்டார்கள் என்பதே இக்கட்டுரையின் துணிபு.

சான்று: ஹாரிஸ் சகோதரர்கள் 2006இல் ஆக்லாந்தில் தொடங்கிய நிஞ்சா கிவி நிறுவனம் 2012இல் ‘ப்ளூன்ஸ் டிடி பேட்டில்ஸ்’ ஆட்டத்தையும் 2021இல் அதன் இரண்டாம் பாகத்தையும் வெளியிட்டது. (அதே 2021இல் நிறுவனத்தை ஸ்வீடன்காரர்கள் வாங்கினார்கள். அது பாடாண் திணை, இங்கே வேண்டாம்.) குரங்குகளை நிறுத்தி, வரும் பலூன்களை உடைக்க வேண்டும், கூடவே எதிராளி மேல் பலூன்களை ஏவவும் வேண்டும். ஒரே சிறுவன், ஒரே நொடியில், உழிஞையானும் நொச்சியானும் ஆகிறான். தொல்காப்பியர் ஜெயித்தார்.

இனி, அடாவடி ஆட்டம் ஆட்டக்காரர் சமூகத்தை என்ன செய்கிறது என்பதைத் திணைவாரியாகக் காண்போம்.

வெட்சி: எதிராளி சுதாரிக்குமுன் நெருக்குதல். உலக வழக்கில் ‘ரஷ்’. குறிஞ்சிக்குப் புறம் வெட்சி, குறிஞ்சிக்குரிய பொழுது யாமம். அக்டோபர் முதல் மார்ச் வரை ஆக்லாந்துக்கும் சென்னைக்கும் ஏழரை மணி வித்தியாசம். சென்னைச் சித்தி மகன் பள்ளி விட்டு வந்து நாலரைக்குத் தாக்கினால் இங்கே சரியாக நள்ளிரவு. மரபு வழுவவில்லை. ஏழரையைச் சோதிடர்கள் கவனித்துக்கொள்வார்கள்.

வஞ்சி: மண்ணாசை. இங்கே மண் இல்லை, கோப்பை உண்டு.

காஞ்சி: நிலையாமை. வைஃபை.

‘ரஷ் அடிப்பவர்களால் ஆட்டமே கெட்டது’ என்று புலம்புவோர் பொருளியலை மறக்கிறார்கள். 6 வினாடிக்கு ஒருமுறை படி அளக்கும் ஆட்டம் இது. சில்லறைப் பலூன்களை அனுப்ப அனுப்பப் படி ஏறும். மோவாப் என்னும் பெருங்கப்பலை அனுப்பினால் இறங்கும். ஆகவே ஓயாமல் நச்சரிப்பவன் சிக்கனக்காரன், ஒரே போடாகப் போடுபவன்தான் ஊதாரி. புலம்பியவனும் மறுநாள், தன்னைத் தோற்கடித்த அதே மூன்று வகைக் குரங்குகளோடு வந்து நிற்கிறான். அறம் தோற்ற அன்று மட்டும்தான் பேசப்படும்.

இப்போது தலையாய சிக்கலுக்கு வருவோம். எதிராளி வீழ்கையில் சிரித்த முகப் பொம்மை ஒன்றை அனுப்பும் வழக்கம் உண்டு. இது எந்தத் திணை? ஆக்லாந்து மவுண்ட் ராஸ்கில் உரை இதற்கு மூன்று துறை வகுக்கும்: வீழுமுன் சிரித்தல், வீழும்போது சிரித்தல், வீழ்ந்தபின் சிரித்தல். சாண்ட்ரிங்கம் பிரதி நான்கு என்னும். அப்பிரதியாவது, சாண்ட்ரிங்கம் ரோட்டு மளிகைக் கடை ரசீது ஒன்றின் பின்பக்கத்தில் பன்னிரண்டு வயது உரையாசிரியர் பென்சிலால் எழுதியது. நான்காம் துறை இருக்குமிடத்தில் புளிக்கறை. கறைக்கடியில் இருப்பது ‘தான் வீழ்ந்தும் சிரித்தல்’ என்று ஒரு சாரார். ‘தான் வீழ்ந்தும் சீறல்’ என்று மறு சாரார். முதற்சாரார் ரசீதின் முன்பக்கத்தில் அப்பளம் இரண்டு கட்டு என்றிருப்பதை அகச்சான்றாகக் காட்ட, மறுசாரார் அப்பளம் இடைச்செருகல் என்பர். மூன்றாமவர் ஒருவர் அது கொட்டையெடுத்த புளியா எடுக்காத புளியா என்று ஐந்து பக்க அடிக்குறிப்பு வரைந்தார். அவர் இதுவரை ஆட்டத்தைத் திறந்ததே இல்லை. திறந்தால் நடுநிலை கெட்டுவிடுமாம். கருத்தரங்குகளில் தலைமை எப்போதும் அவருக்கே.

ஐயம் தீர அந்தப் பன்னிரண்டு வயது உரையாசிரியரையே அணுகினேன். “மாமா, முதல்ல இந்த ரஷ்ஷைத் தடுங்க, திணையெல்லாம் அப்புறம் பாக்கலாம்” என்றார். என் குரங்குகள் தடுக்கவில்லை. சிரித்த முகம் வந்தது, வீழுமுன்னா வீழும்போதா என்று குறித்துக்கொள்வதற்குள் இன்னும் இரண்டு வந்தன.