வெஸ்ட்மின்ஸ்டரிலிருந்து எத்தனை மைல்?

அணு உலையில் ரகம் பல. காற்றை ஊதிக் குளிரவைப்பது ஒன்று, கரியமில வாயுவைச் சுற்றவிடுவது ஒன்று, அழுத்தம் ஏற்றிய தண்ணீரை ஓடவிடுவது ஒன்று. எது பத்திரமானது என்று பொறியாளர்கள் இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். லண்டனில் நாற்காலி பிடித்தவர்களுக்கு அந்தக் குழப்பமெல்லாம் கிடையாது. வெஸ்ட்மின்ஸ்டரிலிருந்து எத்தனை மைல் என்று சொன்னால் போதும், பாதுகாப்புக் கணக்கைப் போட்டுவிடுவார்கள்.

லண்டனுக்குள்ளேயே ஒரு உலை இருந்ததே என்பீர்கள். இருந்தது. கிரீனிச் கடற்படைக் கல்லூரியில், கிறிஸ்டோபர் ரென் வரைந்த மன்னர் வில்லியம் கட்டடத்துக்குள், 1962 முதல் 1996 வரை 'ஜேசன்' என்ற பயிற்சி உலை ஓடியது. திறன் 10 கிலோவாட். மூன்று நான்கு கெட்டில்களை ஒன்றாகப் போட்டால் வருகிற சூடு. 1980களில் பெருநகர மன்றம் லண்டனை 'அணு இல்லா மண்டலம்' என்று அறிவித்தபோதும் ஜேசன் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. அரசு தன் மூக்கருகே வைத்துக்கொள்ளத் துணிந்தது அந்த அளவுதான்.

பெரிய உலைக்கு விண்ட்ஸ்கேல் இருக்கிறதே, இங்கிருந்து சுமார் 250 மைல். அணுகுண்டுக்கு அவசரமாகப் புளூட்டோனியம் வேண்டியிருந்தது. கிராஃபைட் கட்டைகளை மலைபோல் அடுக்கி, துளைகளில் யுரேனியக் குழல்களைச் செருகி, ராட்சத விசிறிகளால் காற்றை ஊதி, சூடேறிய காற்றைப் புகைபோக்கி வழியே வானத்தில் விட்டார்கள். மூடிய சுற்று இல்லை, கவசக் கட்டடம் இல்லை. புகைபோக்கி உச்சியில் வடிகட்டி வைத்தே ஆகவேண்டும் என்று இயற்பியலாளர் ஜான் காக்கிராஃப்ட் பிடிவாதம் பிடித்தார். தண்டச் செலவு! 'காக்கிராஃப்டின் கிறுக்குத்தனம்' என்று பெயரிட்டுச் சிரித்தார்கள்.

1957 அக்டோபர் 10 அன்று உள்ளே தீ எரிவது தெரிந்தது. கரியமில வாயுவை விட்டுப் பார்த்தார்கள், அணையவில்லை. சாரம் கட்டுகிற இரும்புக் கம்பிகளால் தொழிலாளிகள் எரிபொருள் குழல்களைக் குத்தித் தள்ளினார்கள். வெளியே இழுத்த கம்பியின் நுனியில் உலோகம் உருகிச் சொட்டியது. மறுநாள் தண்ணீரைப் பாய்ச்சி, விசிறியையும் நிறுத்திய பிறகுதான் அடங்கியது. வெளியேறிய நஞ்சில் கணிசமான பங்கைப் பிடித்து நிறுத்தியது அந்தக் கிறுக்குத்தனம்தான். அப்படியும் 200 சதுர மைலில் கறந்த பாலைக் கொட்டவேண்டி வந்தது.

பிரதமர் ஹரோல்ட் மேக்மில்லன் செய்த தீயணைப்பு வேறு ரகம். வில்லியம் பென்னி கொடுத்த விசாரணை அறிக்கையை எடுத்துப் பூட்டினார். அமெரிக்காவோடு அணு ஆயுத உறவு கனியும் நேரம், மானம் போய்விடக் கூடாதல்லவா? வெளியே விட்ட வெள்ளை அறிக்கையில் பழி ஊழியர்களின் கணிப்புத் தவறு மேல் விழுந்தது. நெருப்புக்குள் கம்பி விட்டவன் தலையிலேயே! பென்னியின் அறிக்கை வெளிச்சம் பார்த்தது 1988-இல். அதற்குள் 1981-இல் வளாகத்தின் பெயரையே செல்லாஃபீல்டு என்று மாற்றியாயிற்று. பெயரை மாற்றினால் கதிர்வீச்சு மறந்துவிடும்போல. எரிந்த உலைக்குள் சுமார் 15 டன் எரிபொருள் இன்னும் கிடக்கிறது. அதற்கு யாரும் புதுப்பெயர் சூட்டக் காணோம்.

1986-இல் செர்னோபில் வெடித்ததும், 'எங்கள் வடிவமைப்பு வேறு' என்றார்கள். வேறுதான். சோவியத் உலையில் தண்ணீர் ஆவியாக ஆவியாக வினை வேகமெடுக்கும். கரியமில வாயுவால் குளிரும் நம்மூர் மேக்னாக்ஸ் உலைகளில் அந்தக் கோளாறு கிடையாது. ஆனால் உள்ளே விபரீதம் நடந்தால் தாங்கிப் பிடிக்கிற கவசக் கட்டடம் அங்கேயும் இல்லை, இங்கேயும் இல்லை. முதல் விஷயத்தை மேடையில் சொல்வார்கள். இரண்டாவதை நீங்களாகத் தேடிப் படித்துக்கொள்ள வேண்டும்.

இரட்டைக் கவசம், உருகிய எரிபொருளை ஏந்தும் தொட்டி, நான்கு தனித்தனி பாதுகாப்பு அமைப்புகள் எல்லாம் உள்ள ஈ.பி.ஆர். உலையை இப்போது ஹிங்க்லி பாயிண்டில் கட்டுகிறார்கள். 2017 கிறிஸ்துமஸுக்கு அதன் மின்சாரத்தில் வான்கோழி வேகும் என்று இ.டி.எஃப். நிறுவனத்தின் பிரிட்டன் தலைவர் 2007-இல் சொன்னார். வான்கோழிகள் வேறு அடுப்பில் வெந்தன. 1,800 கோடி பவுண்டு என்று ஆரம்பித்த செலவு 3,500 கோடியைத் தொடலாமாம், அதுவும் 2015 விலைவாசியில். அடுத்தது சைஸ்வெல் சி. அதற்கு, ஒரு யூனிட்கூட வருமுன்பே, வீட்டுக்கு மாதம் ஒரு பவுண்டு அளவில் மின் கட்டணத்தோடு மொய் எழுதுகிறோம். ஈஸ்ட் ஹாமில் ஹீட்டரை அணைத்துவிட்டு ஸ்வெட்டர் மேல் ஸ்வெட்டர் போட்டு உட்கார்ந்திருக்கும் அம்மம்மாவும் எழுதுகிறார்.

2025 பிப்ரவரியில் புது அறிவிப்பு. எட்டு இடங்களில் மட்டும்தான் கட்டலாம் என்ற பட்டியல் ஒழிகிறது; சிறு உலைகள் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் எங்கே வேண்டுமானாலும் வரலாம். அப்படியானால் தேம்ஸ் கரையில் ஒன்று? அது நடக்காது. மக்கள் நெருக்கமாக வாழும் இடத்தருகே கூடாது என்ற கட்டுப்பாட்டை மட்டும் பத்திரமாக முடிந்து வைத்துக்கொண்டார்கள். நல்ல கட்டுப்பாடு, இருக்கட்டும். ஆனால் 'ஆபத்தே இல்லை' என்கிற வாயும் 'என் பக்கத்தில் வேண்டாம்' என்று எழுதுகிற கையும் ஒரே உடம்பில் கூச்சமில்லாமல் குடியிருக்கின்றன. ஆள் குறைந்த ஊரில் ஆளுக்கு உயிர் குறைவா? 1957-இல் விண்ட்ஸ்கேல் புகை தென்கிழக்கே திரும்பி, நாட்டையே கடந்து ஐரோப்பாவுக்குப் போனது. காற்று அந்தக் கட்டுப்பாட்டைப் படித்திருக்கவில்லை.

கூடங்குளம் உலையை எதிர்த்து இடிந்தகரைப் பந்தலில் உட்கார்ந்து இப்படிக் கேள்வி கேட்டவர்கள் ஆயிரக்கணக்கானோர் மீது தேசத்துரோக வழக்குப் போட்டார்கள். பிரிட்டன் அப்படியெல்லாம் அநாகரிகமாக நடந்துகொள்ளாது. இருபது வருஷம் பொறுத்திருந்தால், கியூவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் கோப்பையே கையில் கொடுத்துவிடுவார்கள். வாசகர் அட்டை இலவசம்.