சூடானால் நிற்கும், ஆறினால் ஓடும்

கே: காலையில் கார் உடனே ஸ்டார்ட் ஆகிறது. மதிய வெயிலில் அரை மணி நேரம் ஓட்டினால் சிக்னலில் தானாக அணைந்துவிடுகிறது. இருபது நிமிடம் கழித்து மறுபடி ஓடுகிறது. ஒர்க்‌ஷாப்பில் விட்டால் அங்கே நிற்பதே இல்லை!

ப: ஆறிய காரை விட்டால் எப்படி நிற்கும்? சூட்டோடு கொண்டுபோங்கள். என் முதல் சந்தேகம் கிராங்க் சென்சார் மேல். கிராங்க் ஷாஃப்ட் சுற்றுவதை கம்ப்யூட்டருக்குச் சொல்வது அதுதான். சூட்டில் அதன் உள்சுருள் விட்டுப்போனால் தீப்பொறியும் வராது, பெட்ரோலும் பாயாது. அடுத்த முறை நின்றதும், ஸ்டார்ட் செய்துகொண்டே ஆர்.பி.எம். முள்ளைப் பாருங்கள். எஞ்சின் சுற்றியும் முள் அசையாவிட்டால் சந்தேகம் வலுக்கும். ஸ்கேனரில் பி0335 வந்தால் அந்த சென்சாரையும் அதன் ஒயரையும் பார்க்கச் சொல்லுங்கள். முள் அசைந்தால் பெட்ரோல் பக்கம் போகலாம். சாவியை ஆன் செய்ததும் பின்சீட்டுப் பக்கம் இரண்டு நொடி ‘ம்ம்ம்’ என்று கேட்க வேண்டும். கேட்காவிட்டால் ஃபியூஸ், ரிலே, பம்ப் என்ற வரிசையில் பாருங்கள். எடுத்த எடுப்பில் பம்பை மாற்றுவது பணத்துக்குக் கேடு.

கே: எப்போதும் ரிசர்விலேயே ஓட்டுகிறேன். தப்பா?

ப: தப்புதான். டேங்குக்குள் இருக்கும் பம்பைக் குளிர வைப்பதே பெட்ரோல்தான்.

கே: சாவியைத் திருப்பினால் சில நாள் ‘டிக்’ சத்தம் மட்டும். பேட்டரியை மாற்றிவிடவா?

ப: பானட்டைத் திறக்காமலேயா? டெர்மினலில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருக்கும். மைனஸை முதலில் கழற்றி, சமையல் சோடா கலந்த வெந்நீரில் தேய்த்து, மைனஸைக் கடைசியில் மாட்டுங்கள். எர்த் ஒயரின் போல்ட்டையும் இறுக்குங்கள். பிறகு மல்டிமீட்டர்: நிற்கும்போது 12.6 வோல்ட், ஓடும்போது 14 வோல்ட் அளவில் இருந்தால் நல்லது. ஸ்டார்ட் செய்யும்போது 9.6-க்குக் கீழே விழுந்தால் பேட்டரியை மாற்றலாம். விழாமலும் ‘டிக்’ மட்டுமே என்றால் ஸ்டார்ட்டர் மோட்டாரைக் கழற்ற வேண்டும்.

கே: ஏசி போட்டால் ஐடிலில் அணைகிறதே?

ப: த்ராட்டில் பாடியில் கரி படிந்திருக்கலாம். சுத்தம் செய்து பாருங்கள்.

கே: ஓடும்போதே அணைந்தால்?

ப: ஸ்டியரிங் கனக்கும். பிரேக்குக்கு ஓரிரு மிதிக்குத்தான் பூஸ்டர் கைகொடுக்கும். ஆகவே விட்டுவிட்டு மிதிக்காமல் ஒரே அழுத்தாக அழுத்துங்கள். சாவியை லாக் வரை திருப்பாதீர்கள், ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும். ஹசார்ட் விளக்கைப் போட்டு இடதுபுறம் ஒதுங்குங்கள். கோளாறு சரியாகும்வரை தயவுசெய்து நெடுஞ்சாலைக்கு இந்தக் காரை எடுக்காதீர்கள்.